கால்கள் அளந்த மெட்டுகள்

அமெரிக்கக் கிராமிய நடனத்துக்கான பிடில் மெட்டு ஒன்றை முழுவதும் வாசித்து முடிக்க அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம் போதும். ஆனால் நடனக்கூடத்தில் யாரும் ஒருமுறையோடு நிறுத்துவதில்லை. பத்து, பன்னிரண்டு, பதினைந்து முறைகூட இடைவெளியே விடாமல் அதே மெட்டு சுற்றிச் சுற்றி வரும். விரிவான கற்பனைக்கு அங்கே இடம் கிடையாது. வேகம் மாறாது, கதை சொல்லும் வரிகளும் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து காது கொடுப்பவருக்கு நான்காவது சுற்றிலேயே அலுப்புத் தட்டலாம். 'ஒரே மெட்டை இத்தனை முறை கேட்பதில் என்ன சங்கீதம் இருக்கிறது?' என்ற கேள்வி எழுவது இயல்புதான். அதற்கு நேரான பதில் ஒன்று உண்டு. இந்த இசையில் பாதிதான் பிடிலில் இருக்கிறது. மறுபாதி ஆடுகிறவர்களின் கால்களில் இருக்கிறது. மெட்டின் நீளம், அதன் ஏற்ற இறக்கம், வில்லின் வீச்சு, தந்திகளைச் சுருதி கூட்டும் முறை எல்லாவற்றையும் தீர்மானித்ததில் ஆடியவர்களின் தேவைக்கே பெரும்பங்கு. எந்த மெட்டு தலைமுறை தாண்டும், எது மறையும் என்பதையும் பெரும்பாலும் அவர்களே முடிவு செய்தார்கள். இயற்றியவர் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான மெட்டுகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் மெட்டின் கட்டுமானத்தைப் பார்க்கலாம். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பாகங்கள். ஒவ்வொரு பாகமும் பதினாறு அடி. ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். ஆக ஒரு சுற்றுக்கு 64 அடி. அடி என்றால் இங்கே காலடி என்றே பொருள் கொள்ளலாம், ஏனென்றால் தாளத்தின் ஓர் அடிக்கு ஆடுபவர் ஓர் எட்டு வைக்கிறார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 110 முதல் 120 அடி வேகம். நியூ இங்கிலாந்து மாநிலங்களில் வேர்விட்டு இன்று நாடெங்கும் ஆடப்படும் கான்ட்ரா நடனத்தை எடுத்துக்கொள்வோம். ஜோடிகள் நீண்ட இரு வரிசைகளாக எதிரெதிரே நிற்பார்கள். இரண்டு இரண்டு ஜோடிகள் சேர்ந்து நால்வர் கொண்ட சிறு குழுவாகும். நால்வரும் கைகோத்து இடப்பக்கமாகச் சுற்றிவர எட்டு அடி. வரிசை முழுவதும் முன்னே சென்று பின்வாங்க எட்டு அடி. எதிரில் நிற்பவரைப் பிடித்துச் சுழல எட்டு அடி, சில நடனங்களில் அதற்கு முந்தைய ஓர் ஊசலையும் சேர்த்துப் பதினாறு. இப்படி எட்டெட்டாக அடுக்கிக்கொண்டே போனால் 64 அடி நிறைவுறும் கணத்தில் ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஓர் இடம் நகர்ந்திருக்கும். எதிரே இப்போது வேறு ஒரு ஜோடி நிற்கும். மெட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அலுப்பு என்ற குற்றச்சாட்டு இங்கேயே வலுவிழந்துவிடுகிறது. ஆடுகிறவருக்கு எந்தச் சுற்றும் பழைய சுற்றின் நகல் ஆகாது. மெட்டு அதேதான், ஆனால் கை கொடுக்கும் ஆள் வேறு. ஒருவர் இறுக்கமாகப் பிடிப்பார், ஒருவர் இலேசாக. ஒருவர் பதினைந்து வயதுச் சிறுமி, அடுத்தவர் எழுபது வயதுப் பெரியவர். மாறிக்கொண்டே இருக்கும் மனிதர்களுக்கு நடுவில் மாறாமல் இருக்கும் ஒன்று தேவைப்படுகிறது. அந்த வேலையைத்தான் மெட்டு செய்கிறது. ஆட்டத்தைக் கூவி நடத்துபவரைக் காலர் என்பார்கள். தொடக்கச் சுற்றுகளில் அவர் ஒவ்வொரு அசைவையும் அது வருவதற்குச் சற்று முன்பே அறிவிப்பார். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு மெல்ல வாயை மூடிக்கொள்வார். அதற்குமேல் ஆட்டத்தை வழிநடத்துவது பிடில்தான். முதல் பாகம் பெரும்பாலும் தாழ்ந்த தந்திகளில் நடக்கும், இரண்டாம் பாகம் உயர்ந்த தந்திகளுக்கு ஏறும். தெற்கத்திய மெட்டுகள் சிலவற்றில் இந்த வரிசை தலைகீழாகவும் வரும். எப்படியானாலும் சுருதியின் உயரம் மாறியதுமே பாதி ஆட்டம் முடிந்தது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். எண்ணிக்கொண்டு ஆட வேண்டிய அவசியமே இல்லை. மெட்டு எளிமையாக இருப்பதும், பாகங்கள் துலக்கமாகப் பிரிந்து நிற்பதும், ஒவ்வொரு எட்டு அடியிலும் ஒரு சிறு முடிவு கேட்பதும் இந்தக் காரணத்தால்தான்.

வாசிக்கும் முறையும் இதற்கேற்பவே அமைந்தது. பிடிலும் வயலினும் ஒரே கருவிதான். மேடைக் கச்சேரி வயலினை அப்படியே எடுத்து இந்த மெட்டுகளை வாசிக்கலாம். வேறுபாடு கையில் இருக்கிறது. பழைய தலைமுறை வாத்தியக்காரர்களில் பலர் அதை மோவாய்க்கடியில் இடுக்காமல் மார்பிலோ தோளுக்குக் கீழோ சாய்த்து வைத்துக்கொண்டார்கள். உட்கார்ந்தபடி மணிக்கணக்கில் வாசிக்க அது வசதி. இடக்கை பெரிதாக நகராது. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் நடுக்கமும் குறைவு. வலக்கையில்தான் உயிர் இருக்கிறது. நீளமாக ஓர் இழுப்பு, குட்டையாக இரண்டு இழுப்பு என்ற வில்லசைவு இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். மெட்டின் ஸ்வரங்கள் அதன்மேல் ஏறிச் சவாரி செய்யும். மெட்டு தொடங்குவதற்கு முன் பிடில்காரர் அந்த வில்லசைவை மட்டும் நான்கு அடிக்கு வாசிப்பார். 'நாலு உருளைக்கிழங்கு' என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த நான்கு அடியைக் கேட்டதும் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் முதல் எட்டுக்குத் தயாராகிவிடுவார்கள்.

ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய காலத்தில், ஒரு பண்ணை வீட்டின் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு இருபது முப்பது பேர் மரத்தரையில் ஆடும்போது, ஒற்றைப் பிடிலின் ஓசை அத்தனை காலடிச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும். அதற்காகத் தெற்கு மலைப்பகுதிப் பிடில்காரர்கள் தந்திகளை வழக்கமான முறையில் அல்லாமல் வேறு விதமாகச் சுருதி கூட்டினார்கள். மேல் தந்தியும் கீழ்த் தந்தியும் ஒரே ஸ்வரத்தின் வெவ்வேறு ஸ்தாயியாக அமைந்தால், ஒன்றை மீட்டும்போது மற்றதும் தானாகவே அதிர்ந்து ஓசை பெருகும். பக்கத்துத் தந்தியையும் சேர்த்து வில்லால் உரசினால் சுருதிப்பெட்டி போட்டதுபோல் ஒரு ரீங்காரம் கூடவே வரும். சில இடங்களில் இன்னொருவர் அருகில் நின்று, பிடில்காரர் வாசித்துக்கொண்டிருக்கும் அதே தந்திகளின்மேல் மெல்லிய குச்சிகளால் தாளம் தட்டுவார். கருவி ஒன்றே, அதுவே வாத்தியமாகவும் மேளமாகவும் ஆகிவிடும். சத்தத்தைப் பெருக்குவது, தாளத்தை வலுப்படுத்துவது, நெடுநேரம் களைக்காமல் இருப்பது என்று இந்த உத்திகள் ஒவ்வொன்றும் ஆடுகிற தரையை நோக்கியே திரும்பி நிற்கின்றன.

இந்த மெட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் முதலில் தட்டுப்படுவது லண்டன். ஜான் பிளேஃபோர்டு 1651இல் அங்கே வெளியிட்ட நடன நூலில் நூறுக்கும் மேற்பட்ட நடனங்கள் மெட்டோடு அச்சாகியிருந்தன. அது பல பதிப்புகள் கண்டு அரைநூற்றாண்டுக்கும் மேலாக விற்பனையில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பிடில்காரர்கள் ரீல் என்ற விரைவான மெட்டு வகையைப் பெருக்கினார்கள். அயர்லாந்திலிருந்து ஜிக் மெட்டுகள் வந்து சேர்ந்தன. குடியேறியவர்களோடு இவை கப்பலேறின. ஒரு மெட்டு கரை தொட்டதும் ஊருக்கு ஊர் பெயர் மாறி, உருவமும் சற்று மாறியது. 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்ற ஸ்காட்லாந்து மெட்டு அமெரிக்கத் தெற்கில் 'லெதர் பிரிச்சஸ்' ஆனது. 'மிஸ் மெக்லவுட்ஸ் ரீல்' அங்கே 'ஹாப் ஹை லேடீஸ்' ஆனது. 'சோல்ஜர்ஸ் ஜாய்' பெயரை இழக்காமலே பல நாடுகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் அந்த மெட்டுக்குப் பாட்டெழுதியிருக்கிறார்.

இதே மெட்டுக் கூட்டத்தில் சில சென்னைக்கும் வந்தன. கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களின் வாத்தியக் குழுக்கள் வாசித்ததைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தவையே நொட்டுஸ்வரங்கள். அவற்றுள் 'ஜகதீச குருகுஹ' என்பது லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீலின் மெட்டு என்று இசை ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். 'கமலாசன வந்தித' என்ற உருப்படிக்கு மூலமான 'கலொபேட்' இன்றும் அமெரிக்க நடனக்கூடங்களில் ஆடப்படும் ஒரு நடன மெட்டு. ஒரே ரீல் ஒரு கரையில் தெய்வத்துதி ஆயிற்று, மறுகரையில் மரத்தரை ஆட்டம் ஆயிற்று. இங்கே அதைக் காத்தது சாகித்தியமும் குருசிஷ்யப் பாடமும். அங்கே அதைக் காத்தது சனிக்கிழமை இரவு நடனம். ஒரு மெட்டு எதற்குப் பயன்படுகிறதோ அதுவே அதன் உருவத்தை நிறுத்திவைக்கிறது என்பதற்கு இந்த இரட்டைப் பயணத்தைவிட நமக்கு நெருக்கமான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்த வரலாற்றை 'பிரிட்டிஷ் மெட்டு அமெரிக்காவுக்குப் போன கதை' என்று முடித்துவிட்டால் பெரும் அநியாயம் செய்தவர்களாவோம். 18, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தெற்கில் வெள்ளையர் நடனங்களுக்கு வாசித்தவர்களில் ஏராளமானோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவர். தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தரக் கோரிப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களில் 'நன்றாகப் பிடில் வாசிப்பவன்' என்ற அடையாளம் மீண்டும் மீண்டும் வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்த சாலமன் நார்த்தப் ஒரு பிடில்காரர். வாசிக்க வேலை தருவதாக ஆசை காட்டித்தான் 1841இல் அவரைக் கடத்திச் சென்று விற்றார்கள். லூசியானாத் தோட்டங்களில் கழிந்த பன்னிரண்டு ஆண்டுகளில் எசமானர்களின் நடன விருந்துகளுக்கு அவரை அனுப்பி வாசிக்க வைத்ததை, 1853இல் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்க மரபிலிருந்து வந்த பாஞ்சோ பிடிலோடு சேர்ந்தபோதுதான் தெற்கத்திய மெட்டுகளுக்கே உரிய துள்ளல் பிறந்தது. நேரான அடிக்கு நடுவில் எதிர்பாராத இடத்தில் விழும் அழுத்தம் ஸ்காட்லாந்து அச்சுப் பிரதிகளில் இல்லாத ஒன்று. ஆட்டத்தின் அசைவுகளை உரக்கக் கூவி நடத்தும் வழக்கமும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பின வாத்தியக்காரர்களிடமிருந்தே பரவியது என்று நடன வரலாற்றாசிரியர் ஃபில் ஜேமிசன் 2015இல் வெளியிட்ட ஆய்வு நூலில் வாதிடுகிறார். அசைவுகளை மனப்பாடம் செய்யாதவர்களும் ஆட்டத்தில் சேர முடிந்தது அந்த வழக்கத்தால்தான்.

இந்த உண்மையை மறைக்க முயன்றவர்களும் இருந்தார்கள். கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1920களில் பழைய நடனங்களுக்கும் பிடில் இசைக்கும் பணத்தை அள்ளிக்கொடுத்தார். மெய்ன் மாநிலத்தில் பனிக்காலணி செய்துகொண்டிருந்த மெல்லி டன்ஹாம் என்ற எழுபது வயது கடந்த பிடில்காரரை 1925 டிசம்பரில் டியர்பார்ன் நகருக்கு அழைத்துக் கௌரவித்தார். அதனால் நாடெங்கும் பிடில் பேச்சானது. ஆனால் ஃபோர்டின் ஆர்வத்துக்குப் பின்னால் ஜாஸ் இசைமீதான வெறுப்பும் இருந்தது. அவருக்குச் சொந்தமான பத்திரிகை ஜாஸை யூதர்களின் சதி என்று தாக்கி எழுதியது. பழைய நடனத்தைக் கலப்பில்லாத வெள்ளையர் பண்பாடாகக் காட்டும் முயற்சி அது. சான்றுகள் அதற்கு நேர்மாறானவை. 'டர்க்கி இன் த ஸ்ட்ரா' போன்ற புகழ்பெற்ற மெட்டுகள், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தி முகத்தில் கரி பூசி ஆடிய 19ஆம் நூற்றாண்டு மேடைப் பாடல்களோடு ஒட்டிக்கொண்டே பரவின என்பதும் மறைக்கக் கூடாத வரலாறு. அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த மெட்டுகளை வாசிக்க வேண்டும்; இன்று பல குழுக்கள் சிலவற்றை வாசிப்பதையே விட்டுவிட்டன. அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. மறுபுறம், வட கரோலினாவின் ஜோ தாம்சன் (1918–2012) போன்ற கறுப்பினப் பிடில்காரர்கள் தங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த நடன மெட்டுகளைக் கடைசிவரை காத்தார்கள். அவரிடம் நேரில் கற்ற ரியானன் கிடன்ஸும் நண்பர்களும் 2005இல் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழுவைத் தொடங்கி, பின்னர் கிராமி விருதும் பெற்றார்கள். மெட்டு யாருடையது என்ற வழக்கில், அதை ஆடவைத்தவர்கள் அனைவருக்கும் பங்கு உண்டு என்பதே என் தீர்ப்பு.

மெட்டுக்கு உருவம் கொடுத்தது நடனம் என்ற வாதத்துக்கு எதிராக ஒருவர் வலுவான சான்று ஒன்றைக் காட்டலாம். கென்டக்கியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் பழைய மெட்டுகள் பல 64 அடிக்கு அடங்குவதில்லை. ஒரு பாகத்தில் இரண்டு அடி கூடும், இன்னொன்றில் ஒன்று குறையும். 'கோணல் மெட்டு' என்றே அவற்றுக்குப் பெயர். நடனம்தான் மெட்டை அளந்தது என்றால் இந்தக் கோணல் எப்படி வந்தது? பதில் அந்த வட்டாரத்து நடனத்தில் இருக்கிறது. நியூ இங்கிலாந்து கான்ட்ராவில் ஒவ்வோர் அசைவும் மெட்டின் பகுதியோடு சேர்ந்து தொடங்கி அதோடு முடிய வேண்டும். ஓர் அடி பிசகினாலும் வரிசை முழுவதும் குழம்பும். தெற்கு மலைப்பகுதியின் வட்ட நடனமும் சதுர நடனமும் அப்படிப்பட்டவையல்ல. அங்கே ஆடுபவர்கள் தாளத்தோடு கால் வைத்தால் போதும். ஓர் அசைவு முடிந்ததும் காலர் அடுத்ததைக் கூவுவார், அது மெட்டின் நடுவில் எங்கே விழுந்தாலும் பாதகமில்லை. அங்கே மெட்டின் நீளத்தை யாரும் அளக்கவில்லை, அதனால் நீளம் தளர்ந்தது. ஆனால் அந்தக் கோணல் மெட்டுகளிலும் தாளத்தின் வேகமும் அழுத்தமும் இம்மியும் தளர்வதில்லை, ஏனென்றால் அந்த ஆட்டத்துக்குத் தேவை அதுதான். ஆட்டம் எதைக் கேட்டதோ அது இறுகியது, எதைக் கேட்கவில்லையோ அது நெகிழ்ந்தது. எதிர்ச்சான்றாகத் தோன்றிய கோணல் மெட்டே வாதத்துக்கு வலுவான துணையாகிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு, இவற்றைக் காப்பாற்றியது அச்சும் இசைத்தட்டும் அல்லவா என்பது. 1839இல் பால்டிமோரில் ஜார்ஜ் நாஃப் வெளியிட்ட 'வர்ஜீனியா ரீல்ஸ்', 1883இல் பாஸ்டனில் வெளிவந்த ரையனின் பெருந்தொகுப்பு ஆகியவை இல்லாமல் பல மெட்டுகளின் பழைய வடிவம் நமக்குத் தெரிந்திருக்காது. டெக்சாஸைச் சேர்ந்த எக் ராபர்ட்சன் 1922 கோடையில் நியூயார்க் சென்று விக்டர் நிறுவனத்தில் பதிவு செய்த 'சாலி குடன்', நாட்டுப்புற இசையின் முதல் வணிகத் தட்டுகளில் ஒன்று. அதில் அவர் ஒரு சின்ன நடன மெட்டை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய மூன்று நிமிடங்களில் பத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு திருப்பித் திருப்பி வாசித்து வியக்கவைக்கிறார். யாரும் ஆடாத ஓர் அறையில், கேட்பதற்காக மட்டுமே வாசிக்கப்பட்ட உயர்ந்த கலை அது. டெக்சாஸ் போட்டி மேடைகளில் அந்தப் பாணி தனி மரபாகவே வளர்ந்தது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ராபர்ட்சன் எதை மாற்றுகிறார், எதை மாற்றாமல் விடுகிறார் என்று கவனித்தால் உண்மை விளங்கும். ஸ்வரங்கள் மாறுகின்றன, வில்லின் துள்ளலும் அடியின் ஓட்டமும் எங்கும் அறுபடுவதில்லை. ஆட்டத்தில் ஊறிய அடித்தளம் இல்லாவிட்டால் அந்த மாற்றங்களுக்கு நிற்க இடமே இருந்திருக்காது.

வர்ஜீனியாவின் கிளென் லின் ஊரில் வாழ்ந்த ஹென்றி ரீடின் (1884–1968) கதை இன்னும் தெளிவானது. அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆலன் ஜபூர் 1966, 67 ஆண்டுகளில் அவர் வீட்டுக்குச் சென்று ஏராளமான மெட்டுகளை ஒலிப்பதிவு செய்தார். எண்பது வயதைக் கடந்த ஒருவரின் நினைவில் மட்டுமே தங்கியிருந்த மெட்டுகள் அவற்றில் உண்டு. இன்று அந்தப் பதிவுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் எவரும் கேட்கும்படி கிடைக்கின்றன. ஆவணக் காப்பகம் செய்த மகத்தான தொண்டு இது. என்றாலும், ரீடிடமிருந்து கிடைத்த 'ஓவர் த வாட்டர்ஃபால்' மெட்டு இன்று புகழோடு வாழ்வது காப்பகத்து அலமாரியால் அல்ல. ஜபூரும் அவர் நண்பர்களும் அதைக் கற்று வாசித்தார்கள். அவர்களிடமிருந்து இளைஞர்கள் கற்றார்கள். நடனக்கூடம் அதை ஏற்றுக்கொண்டது. காப்பகம் விதையைப் பத்திரப்படுத்தியது, முளைக்க நிலம் கொடுத்தது நடனம். அதே தொகுப்பில் பதிவாகி ஆட்டத்துக்குள் வராத மெட்டுகளை இன்று ஆய்வாளர்களும் ஆர்வலர்கள் சிலரும் தவிர வேறு யாரும் வாசிப்பதில்லை.

மேற்கத்திய செவ்வியல் இசைக்குள் போன மெட்டும் இதையே சொல்கிறது. 1937இல் கென்டக்கியில் பில் ஸ்டெப் என்ற பிடில்காரர் வாசித்த 'பொனப்பார்ட்ஸ் ரிட்ரீட்' மெட்டை நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். நெப்போலியனின் பின்வாங்கலைச் சொல்லும் அந்த மெட்டைப் பல பிடில்காரர்கள் அணிவகுப்புபோல நிதானமாகத்தான் வாசிப்பார்கள். ஸ்டெப் அதை ஆட்ட வேகத்துக்கு முடுக்கினார். இசையமைப்பாளர் ரூத் க்ராஃபோர்டு சீகர் அந்த வாசிப்பை இழை பிசகாமல் ஸ்வரப்படுத்த, 1941இல் அது நூலில் அச்சானது. அடுத்த ஆண்டே செவ்வியல் இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் தம் 'ரோடியோ' நாட்டியத்தின் 'ஹோடவுன்' பகுதிக்கு அதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். அமெரிக்க இசை என்றதும் உலகெங்கும் பலரின் நினைவில் ஒலிக்கும் சில நிமிடங்கள் ஒரு மலைநாட்டுப் பிடில்காரரின் கையிலிருந்து வந்தவை. கோப்லண்டைக் கவர்ந்தது நிதானமான அணிவகுப்பு வடிவம் அல்ல, ஸ்டெப் கொடுத்த ஆட்ட வடிவம். அவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஒரு நாட்டிய மேடையில்தான். ஸ்டெப்பின் பெயரைக் கோப்லண்டின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்ல நாம் பழக வேண்டும்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. பழைமைதான் மரபு என்றால், புதிதாக இயற்றிய மெட்டை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா? பிடில்காரர் ஜே அங்கர் 1982இல் நியூயார்க் மாநிலத்தின் அஷோக்கன் என்னும் இடத்தில் தாம் நடத்திய கோடைகால நடன முகாம் முடிந்த ஏக்கத்தில் 'அஷோக்கன் ஃபேர்வெல்' என்ற மெட்டை இயற்றினார். 1990இல் கென் பர்ன்ஸின் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய ஆவணத் தொடரில் அது ஒலித்தபோது, போர்க்காலத்து மெட்டே அது என்று பலர் நம்பினார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் பாப் மெக்வில்லன் (1923–2014) நடனங்களுக்குப் பியானோ வாசித்துக்கொண்டே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெட்டுகளை இயற்றினார். அவற்றில் 'அமீலியா' இன்று நாடெங்கும் நடன இரவின் கடைசி வால்ட்ஸ்களில் ஒன்று. கியூபெக் மாகாணத்து 'செயின்ட் ஆன்ஸ் ரீல்' எல்லை தாண்டி வந்து அமெரிக்க மெட்டாகவே ஆகிவிட்டது. யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. கால் ஒப்புக்கொண்டதா என்பது மட்டுமே தேர்வு. மாறாக, 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸ் போரில் கிடைத்த வெற்றியின் பெயரைத் தாங்கிய 'எய்ட்த் ஆஃப் ஜனவரி' மெட்டுக்கு அர்கன்சா பள்ளி ஆசிரியர் ஜிம்மி டிரிஃப்ட்வுட் மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கப் பாட்டெழுதினார். 1959இல் ஜானி ஹார்டன் பாடி அது நாட்டின் முதலிடப் பாடலாயிற்று. பாடல் ஒரு காலத்தின் வெற்றியாக நின்றுவிட்டது. பாட்டில்லாத பழைய மெட்டு இன்றும் நடனக்கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1960, 70களில் டட்லி லாஃப்மன் போன்ற காலர்கள் நியூ ஹாம்ப்ஷயர் ஊர்க்கூடங்களில் இளைஞர்களைக் கூட்டி ஆடவைத்ததால்தான் கான்ட்ரா நடனம் சிறு வட்டாரத்திலிருந்து வெளியே வந்தது. இன்று பல நகரங்களில் கூடும் நடனங்களில் இசைத்தட்டு போடுவதில்லை; நேரில் வாசிப்பதே வழக்கம். அதற்குக் காரணம் பழைமைப் பற்று மட்டுமல்ல. கூடத்தில் களைப்புத் தெரிந்தால் பிடில்காரர் மெட்டை மாற்றி வேறு சுருதிக்குத் தாவுவார். உற்சாகம் பொங்கினால் வில்லை இன்னும் அழுத்துவார். காலரின் கண்ணசைவு பார்த்து, சரியாக 64ஆம் அடியில் நிறுத்துவார். இசைத்தட்டுக்குக் கூடத்தைப் பார்க்கும் கண் கிடையாது. யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் யாரைச் சுழற்றுவது என்பதில் ஆண் பெண் பாகுபாட்டை விலக்கி, 'லார்க்', 'ராபின்' என்று பறவைப் பெயர்களால் பல இடங்களில் இப்போது அழைக்கிறார்கள். ஆட்டத்தின் சமூக விதி மாறியது. மெட்டு அதோடும் இசைந்து போகிறது.

தரையை விட்டு நெடுநாள் விலகிய நடன இசை பல நாடுகளில் அருங்காட்சியகப் பொருளாகியிருக்கிறது. அமெரிக்கப் பிடில் மெட்டுகளுக்கு அந்த நிலை வராமல் காப்பது வாரந்தோறும் ஆடும் சாதாரண மனிதர்கள்தான்: ஆசிரியர்கள், தச்சர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள். சங்கீதத்தை மதிப்பிடும்போது இயற்றியவரையும் வாசிப்பவரையும் மட்டும் பார்க்கப் பழகிய நாம், அதற்கு ஆடியவர்களையும் படைப்பாளிகளாக எண்ணத் தொடங்க வேண்டும். இணையத்தில் 'சோல்ஜர்ஸ் ஜாய்' மெட்டைத் தேடிக் கேளுங்கள். உட்கார்ந்து கேட்காதீர்கள், எழுந்து நின்று அடிக்கொரு எட்டு வைத்து, 64 எட்டு நடந்து பாருங்கள். மூன்றாவது சுற்றில் மெட்டு எங்கே திரும்பப்போகிறது என்று உங்கள் கால்களே முன்கூட்டிச் சொல்லும். இந்த இசைக்கு அதைவிட நல்ல அறிமுகம் வேறில்லை.